குடும்பத்துக்கு ஒரு தாங்கி

மனிதனுக்குக் கால் இரண்டு, மாட்டுக்கு நான்கு. நடுவில் மூன்று காலோடு ஒரு பொருளை வாங்கிவிட்டால் அதை விசாரிக்க ஓர் இலாகாவே காத்துக்கொண்டிருக்கும் என்பது பல்செட்காரருக்குத் தலை நரைத்த பிறகுதான் தெரிய வந்தது.

அவர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் மாவு ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல் பதித்து, தேய்த்துப் பளபளவென்று ஆக்கித் திருப்பி அனுப்புவார். அந்த வட்டாரத்தில் வயதானவர்கள் வாய்விட்டுச் சிரிப்பதெல்லாம் இவர் கைவண்ணம். ஆனால் சொந்த வீட்டில் ஒரு சிரிப்பு பழுதாகிப் போனபோது இவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவர் மனைவிக்கு வந்த வியாதிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. விஷயம் சின்னதுதான். உடம்பில் இருக்கிற தசைகள் ஒவ்வொன்றாக வேலைக்கு வராமல் நின்றுகொள்ளும். முதலில் நின்றது முகம். உதடு ஒரு பக்கம் தொங்கிப்போய், மறுபக்கம் மேலே இழுத்துக்கொண்டது. பெரிய துணிக்கடையில் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கும் வேலை அவளுக்கு. "வாங்க வாங்க" என்று அவள் சொன்னால் ஒரு கர்ச்சீப் வாங்க வந்தவர் நாலு புடவையோடு போவார் என்று முதலாளியே சொல்வார். அதே முதலாளிதான் அவளைக் கிடங்கில் பெட்டி எண்ணப் போட்டார். பிறகு இடது கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. கிடங்கும் போயிற்று. கையில் ஒரு தடி வந்தது.

"நடக்க முடியறப்பவே எங்கெங்க போகணுமோ போயிட்டு வந்துடுங்க" என்றார் டாக்டர். நாசூக்கான மனிதர். அதற்கு என்ன அர்த்தம் என்று பல்செட்காரருக்குப் புரிந்தது. மனைவிக்கும் புரிந்தது. இருவரும் பஸ்ஸில் வீடு வரும்வரை வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

எங்கே போவது என்பதை இரண்டு மகள்களில் சின்னவள்தான் முடிவு செய்தாள். ராட்டினமும் பேய்வீடும் தண்ணீர்ச் சறுக்கும் இருக்கிற அந்தப் பெரிய கேளிக்கைப் பூங்காவுக்கு. மனைவி உடனே சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நாலு பேரும் நின்னு ஒரு போட்டோ எடுக்கணும். நான் நிக்கற போட்டோ."

"போன்ல கையை நீட்டி எடுத்துக்கலாம்மா" என்றாள் சின்னவள்.

"அதுல தலைதான் தெரியும். காலு தெரியணும்டி."

"யாரையாவது எடுத்துத் தரச் சொன்னா ஆச்சு" என்றார் பல்செட்காரர்.

மனைவி தலையை ஆட்டினாள். "வேணாங்க. எடுக்கறவங்க 'சிரிங்க'ம்பாங்க. நான் சிரிக்கலைன்னா திரும்பவும் 'சிரிங்க'ம்பாங்க. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டு, 'பரவால்லம்மா, அப்படியே இருங்க'ம்பாங்க. சிரிங்கங்கறதைக் கூடத் தாங்கிக்கலாம். அந்தப் பரவால்லம்மாவைத் தாங்கிக்க முடியாதுங்க."

பெரியவள்தான் வழி சொன்னாள். கேமராவை நிறுத்திவைக்கக் குட்டியாகத் தாங்கி ஒன்று கடையில் கிடைக்கிறதாம். மூன்று கால். கேமராவை அதன் தலையில் வைத்து, பட்டனை அமுக்கிவிட்டு ஓடி வந்து நின்றுகொள்ளலாம். அதுவாக எடுத்துவிடும்.

"அது ஒண்ணும் பேசாதும்மா."

"வாயே கிடையாதா? அப்ப எனக்கு அதான் வேணும்" என்றாள் மனைவி. ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் ஒன்றை வேண்டும் என்று கேட்டாள்.

பூங்காவின் விதிகளில் 'கச்சிதமான தாங்கிகள் மட்டும் அனுமதிக்கப்படும்' என்று போட்டிருந்தது. கச்சிதம் என்றால் எவ்வளவு என்று கேட்கப் பல்செட்காரர் போன் போட்டார். சிரித்த குரலில் ஒருத்தி பேசினாள்.

"கச்சிதம்னா கச்சிதமா இருக்கணும் சார்."

"அதான் எவ்வளவு நீளம்னு..."

"நீளமா இருந்தா எப்படி சார் கச்சிதமா இருக்கும்? நேர்ல கொண்டு வந்து காட்டிடுங்க. தாங்கிப் பிரிவுன்னு தனியா இருக்கு."

கேமராக் கடைக்காரர் இவர் செய்த பல்செட்டைத்தான் மாட்டியிருந்தார். அந்த நன்றிக்கு மூன்று விதமான தாங்கிகளைக் கையில் கொடுத்து, எது தேறுகிறதோ அதை வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று, மடித்தால் குடை அளவு, விரித்தால் ஆள் உயரம். இன்னொன்றுக்குக் காலெல்லாம் ரப்பர் மாதிரி வளையும், கம்பியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது உள்ளங்கையில் அடங்கிவிடும். பல்செட்காரர் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு, பெண் காட்டப் போகிற தகப்பனைப் போலச் சட்டையை இஸ்திரி போட்டுப் போனார்.

தாங்கிப் பிரிவு பூங்காவின் பின்வாசலில் இருந்தது. நான்கு சுவரிலும் பல்லைக் காட்டும் முகங்களின் படங்களை ஒட்டியிருந்தார்கள். தொழில் பழக்கத்தில் பல்செட்காரர் அத்தனை பல்லையும் ஒரு பார்வை பார்த்தார். பாதி பொய்ப்பல். மேலாளரின் மேஜையில் ஒரு கண்ணாடி இருந்தது. ஒவ்வொரு ஆளிடமும் பேசத் தொடங்குமுன் அவர் அதில் பார்த்துச் சிரிப்பைச் சரிசெய்துகொண்டார்.

குடைத் தாங்கியை விரிக்கச் சொன்னார். விரித்ததும் எழுந்து அதன் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"ஆள் உயரம் வருதே. ஆள் உயரம் வந்தா ஆள் டிக்கெட் எடுக்கணும்."

"மடிச்சு வெச்சுக்கிட்டா சார்?"

"மடிச்சா குழந்தை டிக்கெட். ஆனா குழந்தைன்னா பெரியவங்க ஒருத்தர் கூடவே இருக்கணும். அது பக்கத்துல ஒருத்தர் நின்னுட்டா உங்க போட்டோல ஆள் குறையுமே. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அடுத்து வளைகிற தாங்கி. மேலாளர் அதை மேஜைக் காலில் சுற்றிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற ஊழியரைக் கூப்பிட்டு, "இது காலா, கையா?" என்று கேட்டார். ஊழியர் வெகுநேரம் யோசித்து, "நின்னா காலு சார், புடிச்சா கை" என்றார்.

"அதேதான். சவாரியப்ப கையை வெளிய நீட்டக் கூடாதுங்கறது நம்ம முதல் விதி. இதுக்கு எது உள்ளே எது வெளியேன்னு யார் பார்க்கறது? வேணாம் சார், இது விவகாரம் புடிச்ச பொருள்."

கடைசியில் குட்டித் தாங்கி. அது எந்த வம்புக்கும் போகாமல் மேஜைமேல் நின்றது. மேலாளர் அதன் பெயரைக் கேட்டார். முக்காலி என்றும் சொல்வார்கள் என்று பல்செட்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"முக்காலியா? அப்ப இது மேஜை நாற்காலி வகை. வெளியாளுங்க மேஜை நாற்காலி கொண்டு வரக் கூடாதே."

"இதுல உக்காரவா முடியும் சார்? விரல் உசரம்தானே இருக்கு."

"உக்கார முடியாதுன்னு நீங்க சொன்னாப் போதுமா?"

ஊழியர் வரவழைக்கப்பட்டார். குட்டித் தாங்கியைத் தரையில் வைத்து, அதன்மேல் உட்கார முயலும்படி அவருக்கு உத்தரவாயிற்று. அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு குந்தினார். குந்திய வேகத்தில் துள்ளி எழுந்தார். "உக்கார முடியாதுங்க" என்று தழுதழுத்த குரலில் சாட்சி சொன்னார். மேலாளர் திருப்தியடைந்து, அதன்மேல் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்து எடை தாங்குகிறதா என்று பார்த்தார். தாங்கியது. கச்சிதம் என்று ஒரு வில்லை ஒட்டினார்.

ஒட்டிவிட்டு, "அதுசரி, போட்டோ எடுக்க நம்ம ஆளுங்களே இருக்காங்களே, இது எதுக்கு?" என்றார்.

பல்செட்காரர் மனைவியைப் பற்றிச் சொன்னார். யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் முழுசாகச் சொன்னார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த மேலாளர் முடிவில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டார்.

"எங்க பூங்காவுல ஒரு கொள்கை இருக்கு சார். வர்றவங்க சந்தோஷமா இருக்காங்களான்னு நாங்க பார்க்கறதில்ல, அது அவங்க சொந்த விஷயம். சிரிக்கறாங்களான்னு மட்டும்தான் பார்ப்போம். போன சீசன்ல ஒரு குழந்தை காணாமப் போயிடுச்சு. ஒரே அழுகை. நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா? முதல்ல பொம்மை காட்டி, மிட்டாய் குடுத்து, அழுகையை நிறுத்தினோம். அது சிரிச்சதுக்கு அப்புறம்தான் அம்மாவைத் தேடவே ஆள் அனுப்பினோம். அந்தம்மா அழுதுக்கிட்டே ஓடி வந்தாங்க. அவங்களையும் சிரிக்க வெச்சுட்டுத்தான் குழந்தையைக் குடுத்தோம். மனுஷத்தன்மையில எங்களை யாரும் அடிச்சுக்க முடியாது."

பல்செட்காரர் நன்றி சொல்லிவிட்டு வந்தார். வில்லை கிடைத்ததே பெரிய விஷயமாகப்பட்டது அவருக்கு.

குறித்த நாளில் நால்வரும் கிளம்பினார்கள். மனைவி நீலப் புடவை கட்டிக்கொண்டாள். நிற்கும்போது மடிப்பு நேராக விழ வேண்டுமென்று பெரியவள் குனிந்து குனிந்து ஊக்கு குத்தினாள்.

வாசலில் இருந்த பெண் தாங்கியின் வில்லையைப் பார்த்து மலர்ந்தாள். பிறகு அவள் கண் மனைவியின் கையிலிருந்த தடிக்குப் போயிற்று.

"குடும்பத்துக்கு ஒரு தாங்கிதான் சார்."

"அது கைத்தடிம்மா. தாங்கி இதோ, என் கையில இருக்கு."

"அது எதைத் தாங்குது சார்?"

"இவளைத்தான்."

"அப்பத் தாங்கிதானே சார்? ரெண்டாயிடுதே."

பல்செட்காரர் கெஞ்சினார். சக்கர நாற்காலியாவது தரக் கூடாதா என்று கேட்டார். சக்கரம் இருப்பதால் அது வண்டிக் கணக்கில் வருமாம், வண்டிகளை வெளியேதான் நிறுத்த வேண்டுமாம். பின்னால் வரிசை நெளிந்தது. சின்னவள் உள்ளே தெரிந்த ராட்டினத்தைப் பார்க்காமல் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி சிரமப்பட்டு வாயைக் கூட்டிப் பேசினாள். "ஏம்மா, இந்த மனுஷன் ரெண்டு வருஷமா என்னைத் தாங்கறார். இவரையும் தாங்கிக் கணக்குல சேர்த்து வெளிய நிறுத்திடுவியா?"

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். அந்தப் பெண் வேடிக்கை என்று எடுத்துக்கொள்ளாமல் கையிலிருந்த கருவியில் மேலிடத்தைக் கேட்டாள். கரகரவென்று பதில் வந்தது. "புருஷன் தாங்கில வரமாட்டாராம்மா. உள்ள கூட்டிட்டுப் போகலாம்" என்று நல்ல செய்தி போலச் சொன்னாள்.

"போட்டோ வேணாம். தாங்கியைக் குடுத்துடறேன், நீ தடியை வெச்சுக்கோ" என்றார் பல்செட்காரர் மனைவியிடம்.

"நான் எதுக்குங்க இவ்வளவு தூரம் வந்தேன்?" அவள் தடியை வாசல்காரியிடம் நீட்டினாள். "இதை வெச்சுக்கோம்மா. பத்திரம்."

ஒருபக்கம் கணவன், மறுபக்கம் பெரியவள். அப்படித்தான் அவள் உள்ளே போனாள். பத்தடிக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். சின்னவள் ராட்டினத்தில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் கையை ஆட்டினாள். தண்ணீர்ச் சறுக்கில் விழுந்து எழுந்த ஒரு குண்டு மனிதரின் பல்செட் கழன்று தண்ணீரில் போக, அதைத் தேடி ஏழெட்டுப் பேர் முங்கியதைப் பார்த்து, "உங்க வேலையா பாருங்க" என்று கணவனை இடித்தாள். பல்செட்காரர் அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார். மனைவிக்காக இரண்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறார். அவருக்குத் தாடை வலித்தது.

வெயில் சாய்ந்ததும் ராட்டினத்துக்கு எதிரே ஒரு குட்டைச் சுவர் கிடைத்தது. அவர் தாங்கியை அதன்மேல் நிறுத்தி, கேமராவை வைத்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். தலையும் தெரிந்தது, காலும் தெரிந்தது. மனைவி பெரியவளின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"விடுடி. நானே நிக்கறேன்."

நின்றாள். முழங்கால் நடுங்கியது, ஆனாலும் நின்றாள். பல்செட்காரர் பட்டனை அமுக்கப்போன சமயத்தில் மஞ்சள் கோட்டுப் போட்ட ஒருவன் எங்கிருந்தோ வந்து சேர்ந்தான். மார்பில் 'மகிழ்ச்சிப் பணியாளர்' என்று எழுதியிருந்தது.

"வணக்கம் குடும்பத்தாரே! அம்மா, சிரிங்க!"

மனைவியின் முகம் வெளுத்தது.

"அவங்களுக்குச் சிரிக்க வராது தம்பி. விட்டுடுங்க" என்றார் பல்செட்காரர்.

"எல்லாருக்கும் வரும் சார். சின்னதா, இப்படி..." அவன் தன் உதட்டை இரண்டு விரலால் மேலே தள்ளிக் காட்டினான். "சிரிக்காத போட்டோ வெளிய போகக் கூடாது சார். நாளைக்கு யாராவது பார்த்துட்டு, இந்தப் பூங்காவுல ஒரு அம்மாவுக்குக் கஷ்டம்னு நினைச்சுட்டா? எங்க பேரு என்னாகறது?"

"எங்க அம்மாவுக்குக் கஷ்டம்தான்" என்றாள் பெரியவள்.

மகிழ்ச்சிப் பணியாளன் முதல்முறையாக மனைவியை நன்றாகப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் வினையாயிற்று. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, எனக்கும் அம்மா இருக்காங்க. ஒரு சலுகை தர்றேன். நாலு பேர்ல மூணு பேர் சிரிச்சாப் போதும். நாலாவது ஆளை நான் கண்டுக்கலை. சீக்கிரம் எடுத்துக்கோங்க" என்றான்.

பல்செட்காரர் பட்டனை அமுக்கிவிட்டு ஓடி வந்து நின்றார். கேமராவின் சின்ன விளக்கு விட்டுவிட்டு மின்னியது. இப்போது சிரிக்க வேண்டியவர்கள் மூன்று பேர். பெரியவள் முயன்றாள். உதடு பிரிந்தது, கண் நிறைந்துவிட்டது. சின்னவளுக்கு மோவாய் கோணியது. பல்செட்காரருக்குச் சிரிப்பு கைவந்த கலை. அவர் அதைத் தேடினார். இரண்டு வருடமாகத் தினமும் எடுத்துப் போட்டுக்கொண்ட அது, அன்றைக்கு அந்த நிமிஷத்தில் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

கேமரா சொடுக்கியது.

மகிழ்ச்சிப் பணியாளன் படத்தை உற்றுப் பார்த்தான். மேலே இழுத்துக்கொண்ட அந்த உதட்டோரத்தில் அவன் விரல் நின்றது.

"என்ன சார் இது? அம்மா அழகாச் சிரிச்சிருக்காங்க. மத்த மூணு பேருமில்ல உம்முன்னு இருக்கீங்க! ஒண்ணுதான் தேறுது. மூணு வேணும்னு சொன்னேனே." நாகரிகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படத்தை அழித்தான். "இன்னொண்ணு எடுத்துக்கோங்க, ஒண்ணும் அவசரமில்ல."

மனைவிக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. முகம் அசையவில்லை. தொண்டையிலிருந்து சத்தம் மட்டும் கிளுகிளுவென்று வந்தது. துணிக்கடை வாசலில் நின்ற காலத்துச் சிரிப்பு. பல்செட்காரர் அதைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. "நான் மட்டும்தான் தேறினேனாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் முழங்கால் மடங்கியது. பெரியவள் பிடிப்பதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தூக்கி நிறுத்திப் பார்த்தார்கள். கால் நிற்கவில்லை. மறுபடி பார்த்தார்கள்.

"போதுங்க" என்றாள் அவள். "என் தடியை வாங்கிட்டு வாங்க. வீட்டுக்குப் போலாம்."

"போட்டோ?"

"நான் நின்னதை நீங்க பார்த்தீங்கல்ல? அவ்வளவுதான்."

பல்செட்காரர் தாங்கியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அதே பெண்தான் இருந்தாள். தாங்கியைக் கொடுத்தால் தடி கிடைக்கும், காரணம் மட்டும் சொல்ல வேண்டும் என்றாள்.

"நிக்க முடியலம்மா."

"யாரால சார்?"

மனைவியால் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "எங்க வீட்ல யாராலயுமே முடியல" என்று வந்தது. சொன்னதும் உடைந்துபோனார். வாசலில், அத்தனை பேர் பார்க்க, அந்தப் பெரிய மனிதர் குழந்தை மாதிரி அழுதார். இரண்டு வருடம் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். ஆஸ்பத்திரியில் அழாதது, பஸ்ஸில் அழாதது, ராத்திரி அவளுக்குப் புரண்டு படுக்க முடியாதபோது திருப்பிப் படுக்கவைத்துவிட்டு அழாதது.

அந்தப் பெண் பதறிப்போனாள். தடியை எடுத்து ஜன்னலில் வைத்தாள், ஆனால் கையை எடுக்கவில்லை.

"சார், ப்ளீஸ் சார். அழுத முகத்தோட உள்ள விட்டா என் வேலை போயிடும். கேமரா பார்க்குது சார். கொஞ்சம் சிரிச்சுட்டுப் போயிடுங்க."

உள்ளே, குட்டைச் சுவருக்குப் பக்கத்தில், அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பல்செட்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலையை நிமிர்த்தி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தெரிய வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் பெண் சரி என்று சொல்லித் தடியிலிருந்து கையை எடுக்கும்வரை அப்படியே நின்றார்.